மகனின் தட்டைத் தலைக்கு ஹெல்மெட்: காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

திருகோணமலையில் இருந்துகொண்டு தட்டையான தலையைத் திருத்தக் கைக்குழந்தைக்கு ஹெல்மெட் போட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் விசாரிக்காத ஆளில்லை. ஒருவரும் அகப்படவில்லை. ஆகவே எங்களுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் எங்களுக்குக் காசும் போனது, அதைவிடப் பெறுமதியான சில வாரங்களும் போயின. இன்னொரு தாய் தகப்பனுக்கு அந்த இரண்டும் மிஞ்ச வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மகன் பிறந்த புதிதில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏணையில் போட்டாலும் பாயில் போட்டாலும் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் படுப்பான். இடப்பக்கம் கிலுக்கை ஆட்டினால் கண் மட்டும் வரும், தலை வராது. ஒரு பக்கம் பால் குடிக்க மட்டும் அடம்பிடிப்பான். பிள்ளைக்கு அந்தப் பக்கம் பழகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டாம் மாதத் தடுப்பூசி போட்டு முடிந்த கையோடு, அம்மா காலை நீட்டி இருந்து அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, முடி நனைந்து தலையோடு ஒட்டியிருந்த நேரத்தில் நான் மேலிருந்து பார்த்தேன். பின்தலையின் வலப்பக்கம் பலகையில் வைத்து அழுத்தியது மாதிரித் தட்டையாக இருந்தது. வலக் காது இடக் காதைவிட முன்னுக்கு நின்றது. வலப்பக்க நெற்றியும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. முகத்தை நேரே பார்த்தால் இவை எதுவும் தெரியாது. உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் முடி நனைந்திருக்கும்போது உச்சிக்கு நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துத் திகதியோடு வைத்திருங்கள். பிறகு யாரிடம் போனாலும் அந்தப் படம் கைகொடுக்கும்.

வீட்டில் கைவைத்தியம் உடனே தொடங்கியது. அம்மா எண்ணெய் தேய்த்து மண்டையை உருட்டிப் பிடித்துவிட்டார். மாமி கடுகு நிரப்பிச் சின்னத் தலையணை ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அந்தத் தலையணையைக் கண்டதும் முகம் மாறிவிட்டார். “பிள்ளை, தலையைத் தடவிக் குடுங்கோ, அழுத்த வேண்டாம். இந்தத் தலையணையை இண்டைக்கே எடுத்து வையுங்கோ” என்றார். மாமிக்கு மனவருத்தம்தான். “மிஸ் சொல்லிப்போட்டா மாமி” என்று சொல்லித்தான் சமாளித்தேன். கைக்குழந்தை தூங்கும் இடத்தில் எந்தத் தலையணையும் மூச்சுக்கு ஆபத்து. தலை உருவத்தைத் திருத்தும் என்று விற்கப்படும் தலையணைகளைப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் பெற்றோரை எச்சரித்தது. கடுகோ பஞ்சோ, விசயம் ஒன்றுதான்.

அப்படியென்றால் குப்புறப் படுக்க வைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். தூக்கத்தில் வேண்டாம். குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 1992இல் சொன்ன பிறகு தொட்டிலில் திடீரென்று இறக்கும் குழந்தைகளின் தொகை அங்கே பாதியளவுக்குக் குறைந்தது. அதோடு சேர்ந்து தட்டைத் தலை கூடியதும் உண்மை. தட்டைத் தலையோடு வாழலாம், மற்றதற்குத் திரும்பி வர வழியில்லை. விழித்திருக்கும் நேரத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, குப்புற விடுவது வேறு விசயம். ஒரு நாளில் எல்லாமாகச் சேர்த்து குறைந்தது 30 நிமிடம் அப்படி விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. எங்கள் மகன் இரண்டு நிமிடத்தில் வீட்டைத் தலைகீழாக்குவான். என் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு படுத்தால் மட்டும் கொஞ்சம் பொறுப்பான். அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் குழந்தை வைத்திய நிபுணரைப் பார்த்த நாள்தான் எனக்கு முதல் நிம்மதி. அவர் விரல் நுனியால் மகனின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். உச்சிக்குழியைப் பார்த்தார். தலைச் சுற்றளவை அளந்து குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் உள்ள வளைகோட்டில் புள்ளி வைத்தார். பிறகுதான் பேசினார். சில பிள்ளைகளுக்கு மண்டையோட்டு எலும்புகள் நேரகாலத்தோடு ஒட்டிவிடும், அப்போதும் தலை கோணும், அதற்கு ஹெல்மெட் மட்டும் போதாது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்றார். படுக்கையால் வந்த தட்டை என்றால் அந்தப் பக்கக் காது முன்னுக்குத் தள்ளும், பின் பொருத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பின்னுக்கு இழுபடும் என்று படம் கீறிக் காட்டினார். எங்களுடையது முதல் வகை. கையால் பார்த்தே அனேகமாகச் சொல்லிவிடலாம், சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேன் என்றார். இந்தப் பரிசோதனை முடியாமல் எந்த ஹெல்மெட் விற்பவரிடமும் போகாதீர்கள். இந்த முழுக் கதையிலும் முதல் வரிசையில் வைக்க வேண்டியது இதுதான்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று மகனின் கழுத்து. இடப்பக்கத் தசை இறுகியிருந்தது. அதனால்தான் முகம் எப்போதும் வலப்பக்கம். பழக்கம் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் அந்தத் தசையின் வேலை. பிசியோதெரபிக்கு அனுப்பினார். அரச ஆஸ்பத்திரி, ஒரு சதம் செலவில்லை. பிசியோ மிஸ் ஒரு கையால் இடத் தோளை அமர்த்திப் பிடித்து, மறு கையால் தலையை மெதுவாகச் சரித்து, மனதுக்குள் எண்ணி, விட்டார். பிறகு என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். என் கை நடுங்கியது. வீட்டில் ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் செய்யச் சொன்னார். படுக்க வைக்கும் திசையை மாற்றச் சொன்னார், யன்னலும் ஆட்களும் இடப்பக்கம் வரும்படி. ஏணையில் கிடக்கும் நேரத்தையும் குறைக்கச் சொன்னார், துணி இரண்டு பக்கமும் தலையைப் பிடித்துக்கொண்டால் அவன் திரும்பவே மாட்டான் என்று. இதை வீடியோ பார்த்துப் பழகாதீர்கள், உங்கள் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்த ஒருவர் காட்டித்தர வேண்டும்.

கழுத்து நன்றாக இளகியது. தலை அவ்வளவாக மாறவில்லை. ஐந்து மாதம் கடந்தபோது தட்டையும் நெற்றித் தள்ளலும் அப்படியே இருந்தன. இரவில் மகன் தூங்கிய பிறகு பழைய படத்தையும் புதிய படத்தையும் மாறி மாறிப் பார்த்து அழுவேன். இவர் ஒரு கட்டத்தில் ஃபோனை வாங்கி வைத்துவிட்டார்.

ஹெல்மெட் பற்றிக் கேட்டபோது டொக்டர் அவசரப்படவில்லை. நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள் என்றார். ஐந்து ஆறு மாதத்தில் நடுத்தரத்திலிருந்து கடுமையான தட்டை உள்ள பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஹெல்மெட், பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு வயதில் பார்த்தால் முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் பக்கம் 26 சதவீதம், மற்றப் பக்கம் 23 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கழுத்து இறுகிய பிள்ளைகளையும் மிகக் கடுமையான தட்டை உள்ளவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 2016இல் தந்த வழிகாட்டலோ, பிசியோவும் படுக்கை மாற்றமும் செய்த பிறகும் நடுத்தரம் அல்லது கடுமையாக நிற்கும் தட்டைக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. “போடாமல் விட்டாலும் பிழையில்லை அம்மா. போடுறதெண்டா இப்பதான் நேரம்” என்றார். மகனின் நிலை கடுமையான பக்கம் இருந்ததால் போடுவோம் என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம். இலேசான தட்டை என்றால் நான் போட்டிருக்கவே மாட்டேன், இன்றும் அதுதான் என் அபிப்பிராயம்.

ஹெல்மெட்டுக்காக நாங்கள் இரண்டு இடம் போனோம். முதலில் போன ஆட்களின் கதைக்கு வருகிறேன். கொழும்பில் ஒரு முகவர் நிலையம். வெளிநாட்டில் செய்து தருவிப்பார்கள். வட்ஸ்அப்பில் படம் அனுப்பி அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது: மிகக் கடுமை, இந்த வாரமே தொடங்காவிட்டால் உச்சிக்குழி மூடிவிடும், பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. அதை வாசித்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. உண்மை என்னவென்றால், குழந்தையின் தலை முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றரும், அடுத்த மூன்று மாதம் 1 சென்ரிமீற்றரும், அதன்பிறகு ஒரு வயது வரை அரை சென்ரிமீற்றரும் சுற்றளவில் வளரும். ஹெல்மெட் அந்த வளர்ச்சியை நம்பித்தான் வேலை செய்கிறது. எனவே நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்குவது நல்லது என்பது சரி. ஒரு வாரத்தில் கதவு மூடிவிடும் என்பது சரியல்ல. உச்சிக்குழிகூட வழக்கமாக ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில்தான் மூடும். பயமுறுத்தி நாள் குறிப்பவர் வைத்தியம் பார்க்கவில்லை, வியாபாரம் பார்க்கிறார்.

ஒன்றரை இலட்சம் ரூபா முற்பணம் கட்டினோம். என் காப்பு ஒரு சோடி அடகுக்குப் போனது. டொக்டரின் கடிதத்தை அவர்கள் கேட்கவேயில்லை. ஃபோனை மகனின் தலையைச் சுற்றிக் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். மகன் உதறிக்கொண்டே இருந்தான். அளவு எவ்வளவு என்று கேட்டதற்கு, அது கொம்பியூட்டரில் இருக்கிறது என்றார்கள். எத்தனை மில்லிமீற்றர் வித்தியாசம் என்று ஒரு தாளில்கூட எழுதித் தரவில்லை. பிறகு காத்திருப்பு. இரண்டு வாரம் என்றது கப்பல், சுங்கம் என்று இழுத்து ஒரு மாதத்துக்கு மேல் போனது. வரும்போது மகனின் தலை ஸ்கேன் எடுத்த நேரத்துத் தலை அல்ல. போட்டுவிட்ட பெண் பிள்ளை விற்பனைப் பிரிவில் வேலை செய்பவர், பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியாது. ஊருக்கு வந்து இரவு கழற்றினால் இடக் காதுக்கு மேல் செக்கச் சிவந்த தழும்பு, விடியும்வரை மறையவில்லை. படம் அனுப்பினோம். “பழகும்” என்று பதில் வந்தது. திருத்துவதற்கு எப்போது வரலாம் என்றால், திருத்துபவர் வெளிநாட்டிலிருந்து அடுத்த முறை வரும்போது என்றார்கள். ஹெல்மெட் பெட்டிக்குள் போனது. காசு திரும்பவில்லை. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில், திருப்பித் தரப்படமாட்டாது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

இரண்டாவது ஆளை எங்கள் பிசியோ மிஸ்தான் விசாரித்துச் சொன்னார். செயற்கைக் கால், முதுகுப் பட்டி செய்யும் தொழிலை முறையாகப் படித்த ஓர்தோட்டிஸ்ட். அவர் முதலில் கேட்டது டொக்டரின் கடிதம். அமெரிக்காவில் இந்த ஹெல்மெட் வைத்தியரின் பரிந்துரை இல்லாமல் விற்க முடியாத சாதனம் என்பதையும் அவரிடம்தான் அறிந்தேன். ஒரு கவராயம் போன்ற கருவியால் நெற்றியின் ஒரு மூலையிலிருந்து பின்தலையின் எதிர் மூலைக்கும், பிறகு மற்ற மூலைக்கும் அளந்தார். வித்தியாசம் 14 மில்லிமீற்றர். சந்தேகம் தீர மறுபடியும் அளந்தார், எழுதினார், எங்களுக்கு ஒரு பிரதி தந்தார். தலைக்கு மெல்லிய காலுறைத் துணி போட்டு பிளாஸ்டர் அச்சு எடுத்தார். ஹெல்மெட் வந்த நாளில் உட்புறத்தைக் காட்டி விளக்கினார்: புடைத்த இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும், தட்டையான இடத்தில் இடைவெளி இருக்கும், தலை வளர்ந்து அந்த இடைவெளிக்குள் வரும். எங்கேயும் நெரிக்காது. முற்றாகச் சரியாகும் என்று சொல்லமாட்டேன், பாதியாவது குறைந்தால் நல்ல பலன் என்றார். எனக்கு அவரில் நம்பிக்கை வந்ததே அந்த வார்த்தையில்தான்.

இரண்டு பேரையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகியது. நாங்கள் காசு கொடுப்பது ஒரு பிளாஸ்டிக் தொப்பிக்கு அல்ல. மாதக்கணக்காக அதைச் செதுக்கி, பஞ்சு வைத்து, இடம் விட்டுத் திருத்திக்கொண்டே இருக்கப்போகும் ஒரு மனிதரின் கைக்கு. ஆகவே கேள்வியையும் அந்த மனிதரைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அளப்பவரும் திருத்துபவரும் ஒரே ஆளா, அவர் நாட்டில் இருக்கிறாரா? என்ன படித்தவர், எத்தனை கைக்குழந்தைகளுக்குச் செய்திருக்கிறார்? சொன்ன விலைக்குள் எத்தனை முறை திருத்தம் அடங்கும், அதற்கு மேல் போனால் எவ்வளவு? தொடக்கத்தில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டிவரும், ஆகவே இதுதான் மொத்தச் செலவைத் தீர்மானிக்கும். அச்சு எடுத்து எத்தனை நாளில் கைக்கு வரும், பிந்தி வந்து பொருந்தாவிட்டால் யார் பொறுப்பு? தலை வளர்ந்து இரண்டாவது ஹெல்மெட் தேவைப்பட்டால் அதற்கு வேறு காசா? உங்கள் பிள்ளைக்கு ஹெல்மெட் தேவையில்லை என்று யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். முதல் ஆட்கள் எங்களிடம், எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்றார்கள். இரண்டாமவர், மாதத்தில் சில பேரை அனுப்பிவிடுவேன் என்றார். பதில்களை எழுத்தில் வாங்குங்கள், பற்றுச்சீட்டின் இரண்டு பக்கத்தையும் அங்கேயே வாசியுங்கள், தெரியாத மொழியில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

போட்ட பிறகு வந்த கஷ்டம் சூடு. முதல் சில நாள் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிறகு நாளுக்கு 23 மணித்தியாலம். குளிப்புக்கும் துப்புரவுக்கும் மட்டும் அந்த ஒரு மணித்தியாலம். எங்களுக்கு அது கச்சான் காற்று வீசும் மாதங்கள். மத்தியானத்தில் உப்புவெளி மணல் கொதிக்கும். மகனின் கழுத்தால் வியர்வை ஓடி ஹெல்மெட்டுக்குள் புளித்த வாடை வரும். ஒவ்வொரு நாளும் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட்டோம். ஈரத்தோடு போட்டால் தோல் புண்ணாகும். பவுடர், எண்ணெய் எதுவும் பூசவில்லை, அம்மாவுக்கு இதை ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. கழற்றி ஒரு மணித்தியாலத்துக்குள் மறையாத சிவப்பு இருந்தால் மறுபடி போடாமல் ஓர்தோட்டிஸ்டுக்குச் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் கழற்றிவிட வேண்டும். இந்த இரண்டையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

பயணம் இன்னொரு பாடு. திருத்தங்களுக்குக் கொழும்பு போக இரவு ரயில்தான் எங்களுக்குச் சரிவந்தது. ஹபரண, தம்புள்ள வழியாக வான் வண்டியில் போன நாளில் மகன் வழி முழுக்க அழுதான். ரயிலில் ஏறினால் பெட்டியில் உள்ள எல்லாரும் ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள். ஒரு ஐயா பக்கத்தில் வந்து, “மகள், பிள்ளைக்குத் தலையில ஒப்பரேசனோ?” என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பழகிப்போனது. கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் வைத்திருந்தேன். போக்குவரத்து, தங்குமிடம், இவர் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஹெல்மெட் விலையில் பாதிக்குக் கிட்ட வந்தது. யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் இதைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். சென்னையில் மலிவு என்று எங்களுக்கும் சொன்னார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கடல் தாண்ட வேண்டும் என்று யோசித்ததும் அந்தப் பேச்சை விட்டோம். அங்கே உறவுக்காரர் வீட்டில் சில மாதம் இருக்கக்கூடியவர்களுக்கு அது சரிவரலாம்.

மகனுக்குப் பத்து மாதம் கழிந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது வித்தியாசம் 5 மில்லிமீற்றர். நெற்றி நேராகிவிட்டது. வலப்பக்கப் பின்தலையில் இலேசான தட்டை இன்னும் உண்டு, தடவினால் எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ஹெல்மெட் இல்லாமலும் இதில் ஒரு பங்கு தானாகவே வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. முற்பணம் வாங்கியவர்களுக்கு இன்னும் இடைக்கிடை கடிதம் போடுகிறோம்.

அண்மையில் பாலையூற்றிலிருந்து ஒரு தங்கச்சி ஃபோன் எடுத்து, மகனின் பழைய ஹெல்மெட்டை வாங்கலாமா என்று கேட்டார். அவருடைய மகளுக்கு மூன்றரை மாதம். ஒரு தலையின் அச்சில் செய்தது இன்னொரு தலைக்கு உதவாது, பிழையான இடத்தில் அழுத்தும் என்று சொல்லி மறுத்தேன். பிள்ளை எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கிறாள் என்று கேட்டேன். எப்போதும் இடப்பக்கம்தான் அக்கா என்றார். அப்படியென்றால் ஹெல்மெட்டை இப்போதைக்கு மறந்துவிட்டு, இந்த வாரமே கழுத்தைக் காட்டுங்கள் என்று சொல்லி, பிசியோ கிளினிக் நடக்கும் நாளை எழுதி அனுப்பினேன்.